ஒரு லிட்டர் பெட்ரோலும் முதலாமாண்டு வேதியியலும்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவைத் தொடாது. ஏறத்தாழ 740 கிராம் இருக்கும். அது எஞ்சினில் முழுமையாக எரிந்து முடியும்போது புகைக்குழாய் வழியே வெளியேறும் கார்பன் டை ஆக்சைடின் எடையோ சுமார் 2.3 கிலோ. முதலாமாண்டு மாணவர்களுக்கான பொது வேதியியல் வகுப்பின் முதல் நாளில், வருகைப்பதிவு எடுப்பதற்கும் முன்பாக, இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, "இது எப்படி முடியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஓரமாக நின்றுகொள்வதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அமைதி. பிறகு ஒருவர், எண்ணை நான் தவறாக எழுதிவிட்டேன் என்பார். இன்னொருவர், வாயுவுக்கு எடை என்று பெரிதாக என்ன இருந்துவிட முடியும் என்று கேட்பார். மூன்றாவதாக ஒரு குரல் வரும். அதற்காகத்தான் நான் காத்திருப்பேன். வேதிவினையில் நிறை ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம், ஆகவே இந்த எண்கள் பொய் என்று அந்தக் குரல் சொல்லும். விதி சரி, முடிவு தவறு. நிறை அழியாமை விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த ஒருவர், அதே விதியைக் கையில் எடுத்துக்கொண்டு உண்மையை மறுக்கும் அந்தக் கணம், ஆசிரியப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த கணங்களில் ஒன்று. எரிவது என்றால் ஒரு பொருள் இல்லாமற்போவது என்று கண்கள் அவருக்குச் சிறு வயதிலிருந்தே கற்றுக்கொடுத்திருக்கின்றன. காற்றும் ஒரு வினைபொருள் என்பதைப் புத்தகம் பின்னால் வந்து சொன்னது. கண்கள் கற்றுக்கொடுத்ததற்கும் புத்தகம் சொன்னதற்கும் இடையே அதுவரை ஒரு சண்டையும் நடந்ததில்லை, அவ்வளவுதான்.

"காற்றும் சேர்ந்துதானே எரிகிறது?" என்று யாரோ ஒருவர் தயக்கத்தோடு கேட்கப் பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். அதுவரை நான் வாய் திறப்பதில்லை. அதன்பின் ஒரு தாளைக் கொடுப்பேன். பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால், கணக்கின் எளிமைக்காக ஆக்டேனை அதன் பிரதிநிதியாக எடுத்துக்கொள்ளும்படி அதில் எழுதியிருக்கும். எட்டுக் கார்பன் அணுக்களும் பதினெட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட அந்த மூலக்கூறில் ஒவ்வொரு கார்பனும் வெளியேறும்போது இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சுமந்துகொண்டுதான் வெளியேறுகிறது; 12 என்ற சார்பு நிறையோடு உள்ளே போன அணு 44 ஆக வெளியே வருகிறது. ஆக, 114 பங்கு ஆக்டேன் 352 பங்கு கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல். 740 கிராமை அந்த விகிதத்தால் பெருக்கிப் பார்த்தால் கரும்பலகையில் இருக்கும் எண் வந்துவிடுகிறது. கூடவே ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான நீரும் உருவாகியிருக்க வேண்டும் என்பதை இரண்டொரு குழுவினர் தாங்களாகவே கண்டுபிடித்து, அது எங்கே போயிற்று என்று கேட்பார்கள்.

இதுவரை மோல் என்ற சொல் வகுப்பில் எழவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த கேள்வி, இந்த ஒரு லிட்டர் எரிவதற்கு எத்தனை லிட்டர் காற்று தேவை என்பது. இப்போது விகிதம் மட்டும் போதாது. நிறையிலிருந்து பருமனுக்குப் போக வேண்டும். வாயுவின் பருமன் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்ததே தவிர எந்த மூலக்கூறு என்பதைப் பொறுத்ததல்ல. எனவே எண்ணுவதற்கு ஓர் அலகு இல்லாமல் நகர முடியாது. அந்த முட்டுச்சந்தில்தான் மோலை அறிமுகப்படுத்துகிறேன். ஒன்பதாயிரம் லிட்டருக்கும் அதிகமான காற்று என்று விடை வரும்போது, நம்ப முடியாமல் திரும்பக் கணக்கிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படித் திரும்பக் கணக்கிடுவதை, நான் பயிற்சி என்ற பெயரில் கொடுத்திருந்தால் அவர்கள் செய்திருக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் நான் இப்படி நடத்தியவன் அல்லன். மோலின் வரையறையைக் கரும்பலகையில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டு, கார்பன்-12 ஐசோடோப்பின் 12 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தவன். 2019 மே 20 முதல் அந்த வரையறை மாறிவிட்டது. இப்போது மோல் என்பது 6.02214076×10²³ என்ற நிலையான எண்ணால் வரையறுக்கப்படுகிறது, கார்பன் அதில் இல்லை. அந்த ஆண்டு வகுப்பில் பழையதற்குப் பதிலாகப் புதியதை எழுதினேன். முந்தைய ஆண்டு தோற்று மறுபடி அமர்ந்திருந்த மாணவர்கள் உட்பட ஒருவர்கூட வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. வரையறை அவர்களுக்கு எந்த அளவு பொருள்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

நன்றாக நடத்துபவர் என்ற பெயர் எனக்கு அப்போதே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அணு அமைப்பு, குவாண்டம் எண்கள், தனிம வரிசை அட்டவணை, வேதிப்பிணைப்பு, வாயு விதிகள், சமநிலை என்று புத்தகம் வைத்திருந்த வரிசையிலேயே, தெளிவான குரலில், மூன்று நிறச் சாக்கட்டிகளோடு நடத்துவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் குறை சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் ஆய்வகத்தில், முகவையில் நீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பிலேயே கணக்குகளை மிக வேகமாகப் போடும் மாணவியிடம், அந்தக் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சார்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையசைத்தார்கள். குமிழிகளில் இருப்பது நீராவிதான். வளிமக் கலவையின் பகுதி அழுத்தத்தை முந்தைய வாரம் தசமப் புள்ளி பிசகாமல் கணக்கிட்டவர்கள் அவர்கள்.

இது என் வகுப்பின் தனிக் குறை அல்ல என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. கொதிக்கும் நீரின் குமிழிகளைப் பற்றிய இதே விடையை ஆய்வாளர்கள் 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நர்ரன்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர், வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போடும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள். எஃகுக் கலத்தில் ஹைட்ரஜன் வாயு புள்ளிகளாகப் பரவியிருக்கிறது. வெப்பநிலையை 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20 டிகிரிக்குக் குறைத்தால் புள்ளிகள் எப்படி அமைந்திருக்கும் என்பது கேள்வி. ஹைட்ரஜன் அந்த வெப்பநிலையிலும் வாயுதான் என்பதால் புள்ளிகள் முன்போலவே கலம் முழுவதும் பரவியிருக்கும். கணக்கைத் தீர்த்தவர்களில் பலரால் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. சூத்திரத்தில் எண்களைப் போடும் திறனும் மூலக்கூறுகளை மனக்கண்ணில் காணும் திறனும் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்பவை அல்ல என்பதை வேதியியல் ஆசிரியர்கள் கண்கூடாகப் பார்த்தது அதுபோன்ற ஆய்வுகளின் வழியாகத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விளக்கம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் வரைந்த முக்கோணம். வேதியியலார் ஒரே பேச்சில் மூன்று தளங்களுக்கிடையே தாவிக்கொண்டிருக்கிறார்கள்: கண்ணால் காணும் பொருள்கள், காண முடியாத மூலக்கூறுகள், காகிதத்தில் எழுதும் குறியீடுகள். நமக்கு இந்தத் தாவல் பழகிப்போனதால் தாவுகிறோம் என்பதே தெரிவதில்லை. "தண்ணீர்" என்று சொல்லும் அதே மூச்சில் குவளையிலிருப்பதையும் வளைந்த மூலக்கூறையும் குறியீட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். புதிதாகக் கேட்பவருக்கோ மூன்று தளங்களும் ஒரே நேரத்தில் தலையில் ஏறுகின்றன, மனிதனின் செயல்நினைவு அதைத் தாங்குவதில்லை. தாங்க முடியாதவர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்கிறார்: குறியீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார். மதிப்பெண் குறியீட்டுக்குத்தான் கிடைக்கிறது என்பதை அவர் என்னைவிட முன்பே கண்டுகொண்டார்.

வாழ்க்கைச் சூழலிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் உருவான சால்ட்டர்ஸ் பாடத்திட்டம், அமெரிக்க வேதியியல் கழகம் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் உருவாக்கிய பாடங்கள், ஜெர்மனியின் முயற்சி என்று அதற்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. நானும் அதைக் கேள்விப்பட்டு உற்சாகமாக இறங்கினேன், அழகாகத் தோற்றேன்.

என் முதல் முயற்சி காரின் காற்றுப்பை. மோதலின்போது, பழைய வகைக் காற்றுப்பைகளில் இருந்த சோடியம் அசைடு சிதைந்து நைட்ரஜன் வாயுவாகப் பொங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் பையை நிரப்பும் கதையைப் படங்களோடு பத்து நிமிடம் சொன்னேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். பதினோராவது நிமிடத்தில் "சரி, இப்போது நல்லியல்பு வாயுச் சமன்பாடு" என்று திரும்பி, பழைய குறிப்பேட்டிலிருந்து பழைய பாடத்தையே நடத்தினேன். நிமிர்ந்தவர்கள் மறுபடி சாய்ந்துகொண்டார்கள். பருவத்தின் முடிவில் அவர்களிடம் எஞ்சியிருந்தது, சார் காரைப் பற்றி நல்ல கதை சொன்னார் என்ற நினைவு. இப்போது ஒரு சூழலைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு நானே வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுண்டு: அந்தச் சூழலை உருவி எடுத்துவிட்டாலும் பாடம் அசையாமல் நிற்குமானால், நான் சேர்த்தது தோரணம். உருவினால் பாடம் சரிய வேண்டும். தேவை ஏற்படும் இடத்தில் மட்டுமே கருத்தாக்கத்தை அறிமுகப்படுத்துவது என்பது சால்ட்டர்ஸ் பாடத்திட்டத்தின் அடிப்படை விதி. அந்த விதியைக் கவனிக்காமல் அதன் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. சூழல்சார் கற்பித்தல் குறித்த பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான மதிப்பீடு ஒன்று, மாணவர்களின் ஆர்வம் கூடுகிறது என்றும், அறிவியல் கருத்துகளைப் புரிந்துகொள்வதில் அவர்கள் வழக்கமான வகுப்பினருக்கு இணையாக இருக்கிறார்கள் என்றும் முடிவு சொன்னது. பள்ளி வகுப்புகளைப் பற்றிய அந்த முடிவு, ஆர்வம் கூடினால் புரிதலும் தானாகக் கூடிவிடும் என்று நம்பியிருந்த எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. நல்ல கேள்வியை முன்வைத்துவிட்டு விடையையும் நானே சொல்லிக்கொண்டிருந்தால், கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்?

கடல் நீரைப் பற்றிய பாடம்தான் எனக்கு இதைத் தெளிவாக்கியது. தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச் மதிப்பு (அமில, காரத் தன்மையின் அளவு) சுமார் 8.2 என்றும், இப்போது சுமார் 8.1 என்றும் சொன்னால், வகுப்பில் யாருக்கும் பதற்றம் ஏற்படுவதில்லை. ஒரு சதவீத மாற்றம்தானே என்பார்கள். மடக்கை அளவுகோல், அதாவது ஒன்று இறங்கினால் செறிவு பத்து மடங்காகும் அளவுகோல், என்றால் என்ன என்பதை அப்போது அவர்கள் கையாலேயே கணக்கிடச் சொல்கிறேன், 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ 26 சதவீதம் கூடுகிறது. அடுத்த கலகம், கடல் அமிலமாகிவிட்டதா என்பது. இல்லை, 8.1 இன்னும் காரப் பக்கம்தான். அமிலமாதல் என்பது திசையைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. உண்மையான பாடம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. கடலில் அதிகக் கார்பன் டை ஆக்சைடு கரைந்தால், சிப்பிகளும் பவளங்களும் ஓடு கட்டப் பயன்படுத்தும் கார்பனேட் அயனி கூடுமா, குறையுமா?

கையை உயர்த்தச் சொன்னால் பெரும்பாலான கைகள் "கூடும்" என்பதற்குத்தான் எழும். கார்பன் சேர்கிறது, எனவே கார்பனேட்டும் சேரும் என்ற தர்க்கம் பார்வைக்குக் குற்றமற்றது. நான் விடை சொல்லாமல், பக்கத்தில் வேறு விடை சொன்னவரைத் தேடி ஐந்து நிமிடம் வாதிடச் சொல்வேன். ஹார்வர்டில் எரிக் மாஸூர் 1990களில் இயற்பியல் வகுப்புக்காக வகுத்த முறை இது. வாக்களி, வாதிடு, மறுபடி வாக்களி. யாராவது ஒரு குழுவினர் சமநிலைச் சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்து, புதிதாக வரும் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே இருக்கும் கார்பனேட்டோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறுகிறது, ஆகவே கார்பனேட் குறைகிறது என்று வந்து சேருவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பறை இரைச்சலாகத்தான் இருக்கும். பக்கத்து அறையில் வகுப்பெடுத்த நண்பர் ஒருவர் கதவைத் தட்டி, வகுப்பில் யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டு, நான் நிற்பதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார். கூச்சல் எதைப் பற்றியது என்பதை அருகில் போய்க் கேட்டால்தான் தெரியும். எல்லாக் கூச்சலும் கற்றல் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழுவாக அமர்த்திப் பேசச் சொல்வதோடு காரியம் முடிந்துவிடும் என்று நினைத்த காலமும் இருந்தது. ஒருவர் போடுவார், மூவர் பார்ப்பார்கள். அமெரிக்காவின் பிராங்க்ளின் அண்டு மார்ஷல் கல்லூரி வேதியியல் துறையில் 1990களில் உருவான போகில் என்ற முறையில், நால்வர் குழுவில் ஒருவர் நேரத்தையும் வேலையையும் கவனிப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் வகுப்புக்கு எடுத்துச் சொல்பவர், ஒருவர் குழு எப்படி இயங்குகிறது என்று பார்ப்பவர் எனப் பொறுப்புகள் பிரிந்திருக்கும். இந்தப் பொறுப்புகள் முதலில் நாடகம்போலப் படுகின்றன. நான்காவது வாரத்தில் நாடகம் கலைந்து பழக்கமாகிவிடுகிறது. ஆனால் அந்த முறையில் எனக்கு மிகவும் உதவியது பொறுப்புப் பிரிவினையைவிடத் தாள் எழுதும் ஒழுங்குதான். முதலில் தரவு அல்லது மாதிரிப்படம். அதைப் பார்த்தாலே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விகள். பிறகு அந்தப் பதில்களைக் கோத்து ஓர் ஒழுங்கைக் கண்டறிய வைக்கும் கேள்வி. அந்த ஒழுங்குக்குப் பெயர் சூட்டுவது கடைசியில். அதன்பின் புதிய இடத்தில் பயன்பாடு. பெயர் கடைசியில் வருவது என்பது என் பழைய குறிப்பேடுகளை அப்படியே தலைகீழாக்குவது. ஒரு தாளை எழுத எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. ஒரு விரிவுரையை ஒரு மாலைப்பொழுதில் தயாரித்துவிடலாம்.

இதற்கெல்லாம் கிடைத்த முதல் பரிசு, பருவ இறுதியில் மாணவர்கள் எழுதிக்கொடுத்த கருத்துத் தாள். "ஆசிரியர் பாடமே நடத்துவதில்லை, நாங்களே படித்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாராட்டாக எழுதியிருப்பாரோ என்று இரண்டு முறை படித்தேன், இல்லை, புகார்தான். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்களே முயன்று தீர்த்த மாணவர்கள் தேர்வில் கூடுதலாகச் செய்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்து, தேர்வில் பின்தங்கினார்கள். தடுமாறும்போது தெரியவில்லை என்ற உணர்வு வருவதும், பிறர் தடுமாறாமல் சொல்வதைக் கேட்கும்போது நமக்கே தெரிந்துவிட்டதுபோலத் தோன்றுவதும் இயல்பு. இப்போது அந்த ஆய்வின் முடிவை இரண்டாம் வாரத்திலேயே வகுப்புக்குச் சொல்லிவிடுகிறேன். புகார்கள் நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்திருக்கின்றன.

சக ஆசிரியர்களிடம் வேறொரு எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரீமன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையின்படி, விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்புடன் நடந்த வகுப்புகளில் 21.8 சதவீதம். ஐம்பது பேருக்கு உட்பட்ட வகுப்புகளில் பலன் மிகுதி என்றும், பெரிய வகுப்புகளிலும் பலன் உண்டு என்றும் அது சொல்கிறது. எண்ணைக் கேட்டுவிட்டு நண்பர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: பாடத்திட்டத்தை முடிக்க முடிகிறதா? முடியவில்லை. முன்பு நடத்திய அளவில் கணிசமானதை விட்டுவிட்டேன். குவாண்டம் எண்களை இப்போது நான் வகுப்பில் தொடுவதில்லை, படித்துவரச் சொல்லிவிடுகிறேன். முடித்தேன் என்று முன்பு நான் சொன்னபோது, முடித்தது நான் மட்டும்தான் என்பதைக் கொதிநீர்க் குமிழிகள் காட்டிவிட்ட பிறகு, அந்தச் சொல்லின்மேல் எனக்கு மரியாதை இல்லாமற்போய்விட்டது. ஆனால் தேர்வை மாற்றாமல் வகுப்பை மட்டும் மாற்றுவது மாணவருக்குச் செய்யும் துரோகம். வகுப்பில் வாதிடச் சொல்லிவிட்டுத் தேர்வில் வரையறை கேட்டால், அவர் அடுத்த வாரமே வாதிடுவதை நிறுத்திவிடுவார், நிறுத்தவும் வேண்டும். என் வினாத்தாளில் இப்போது பாதிக்கு மேல் படம் வரையவோ, ஒரு கூற்றை மறுத்துக் காரணம் எழுதவோ கேட்கும் வினாக்கள். திருத்த இரு மடங்கு நேரமாகிறது.

முதல் நாள் பெட்ரோல் பருவம் முழுவதும் எங்களோடு வருகிறது. காற்றுக்கும் எரிபொருளுக்கும் நிறை விகிதம் சுமார் 14.7 இருந்தால்தான் எரிதல் நிறைவடையும் என்பதும், காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகும் என்பதும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்ற கருத்தை, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் வினைபொருள் எது என்பதை, தேவையாக்குகின்றன. வெப்பவேதியியலில் அது மறுபடி வரும்போது, பெட்ரோலில் உள்ள பிணைப்புகள் உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும் என்பதைத் தனியாகக் கேட்டால் அதே மாணவர்கள் அதையும் சரியாகவே சொல்வார்கள். மீத்தேனை வைத்துக் கணக்கிடச் சொல்கிறேன். ஒரு மோல் மீத்தேனிலும் இரண்டு மோல் ஆக்சிஜனிலும் உள்ள பிணைப்புகளை உடைக்க ஏறத்தாழ 2650 கிலோஜூல் செலவு. கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் புதிய பிணைப்புகள் உருவாகும்போது ஏறத்தாழ 3450 கிலோஜூல் வரவு. மீதம் 800. வரவு செலவு எழுதிய பிறகு, உடைவது செலவுப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, அப்படியானால் "எரிபொருளில் சேமிக்கப்பட்ட ஆற்றல்" என்று ஏன் சொல்கிறோம் என்று சென்ற பருவத்தில் ஒரு மாணவர் கேட்டார். ஆக்சிஜனில் இருப்பது ஒப்பீட்டளவில் வலிமை குறைந்த பிணைப்பு, ஆற்றலின் கதையில் அதற்கும் பங்குண்டு என்று நான் தொடங்குவதற்குள், அவருக்கு முன்னால் அமர்ந்திருந்தவர் திரும்பி, "பெட்ரோலில் மட்டும் இல்லை, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது; முதல் நாளே காற்றை மறந்தோமே, அதே தப்புதான்" என்றார்.

அடுத்த பருவத்துக்காக முதல் நாள் தாளைத் திருத்தி வைத்திருக்கிறேன். நான்காவது கேள்வியாக, "எரிதலில் பங்கேற்கும் மற்றொரு பொருள் எது?" என்று ஒரு குறிப்பு இருந்தது, தயங்குபவர்களுக்கு உதவட்டும் என்று எப்போதோ சேர்த்தது. அதை அடித்துவிட்டேன்.